சாய்ந்த சுவரை நிமிர்த்தியவளுக்கு

அன்புள்ள வாலுவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடி, நேரத்துக்குச் சாப்பிட்டு, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்கு நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே அந்த அளவுக்காவது நன்றாக இருக்க வேண்டும். தினமும் ஃபோனில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று உறையைப் பார்த்ததுமே கேட்டிருப்பாய். கம்ப்யூட்டரில் தட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பாதியிலேயே நீ உள்ளே வந்து திருத்திவிட்டுப் போய்விடுவாயோ என்று எழுந்துவிட்டேன். ஆமாம், எனக்குத் தெரியும். முழுவதும் படித்து முடி, நடுவில் ஃபோனை எடுக்காதே.

முதலில் வீட்டுச் சேதி. சித்தி முழங்கால் வலிக்கு நல்லது என்று நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், தண்ணீரில் இறங்காமல் கரையில் உட்கார்ந்து எல்லாருக்கும் யோசனை சொல்லிவிட்டு வருகிறாள் என்று சித்தப்பா சொல்கிறார். மாடியில் இருந்த வயலின் வாத்தியார் காலி செய்துகொண்டு போய்விட்டார், வீடு அமைதியாகிவிட்டது, அது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. போன லீவில் நீ மாட்டிவிட்டுப் போன திரைச்சீலை ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது, அதைச் சரிசெய்ய மட்டும் நீ ஒரு புரோகிராமும் போட்டுவிட்டுப் போகவில்லை.

அதே லீவில்தான் அப்பா கட்டடப் பிளான் போடுகிற கம்ப்யூட்டரில் அந்தப் புரோகிராமைப் போட்டாய். ஏதாவது கோளாறுன்னா நான் அங்கேருந்தே உள்ள வந்து பாத்துக்கறேன், நீங்க எதையும் அமுக்கி வைக்காதீங்க என்றாய். இந்த ஸ்க்ரீன் உன் ஸ்க்ரீனில் அப்படியே தெரியும், அங்கே நீ மவுஸை நகர்த்தினால் இங்கே அம்பு நகரும் என்று பக்கத்து அறையிலிருந்து செய்துகாட்டினாய், அப்பா கைதட்டினார். அந்தக் கை அதற்கு முன்பே நடுங்கத் தொடங்கியிருந்தது. அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் இத்தனை வருஷம் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊர்ப்பட்ட கைகளைப் பிடித்து ஊசி குத்தியவள் நான், சட்டைப் பொத்தான் போடுவதற்கு ஒரு மனிதர் முதுகைத் திருப்பிக்கொண்டால் எனக்குப் புரியாதா. நரம்பு டாக்டரிடம் நாள் வாங்கினேன். போவதற்கு முன்னால் அப்பா என்னைக் கூப்பிட்டு, அப்போது போட்டுக்கொண்டிருந்த வீட்டுப் பிளானைத் திறந்து காட்டினார். மூலைக்கு மூலை கோடு வந்து சேர்ந்திருந்தது, அளவெல்லாம் சுத்தமாக இருந்தது. கை ஆடுறவன் போடுற கோடா இது, நீயே சொல்லு என்றார். டாக்டரிடம் போவது அதோடு நின்றுபோனது.

மழை பிடித்துக்கொண்ட சமயம், ஒரு மத்தியானம் அப்பா வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தார். முன்னறையில் சாரல் அடிக்கிறதே என்று ஜன்னலை மூடப் போனேன். நாற்காலி காலி, ஸ்க்ரீனில் அம்பு நகர்ந்துகொண்டிருந்தது. மவுஸைப் பார்த்தேன், அது பாட்டுக்கு மேஜையில் கிடந்தது. காலையில் அப்பா போட்ட பிளானில் மூலைக்கு வராமல் பாதியில் நின்ற ஒரு கோட்டை அந்த அம்பு பிடித்து இழுத்து மூலையில் சேர்த்தது, தவறி இரண்டு தடவை விழுந்திருந்த எழுத்தில் ஒன்றை அழித்தது. திருடன் என்றால் இருப்பதைத் தூக்கிக்கொண்டு போவான், இவன் என்ன, வேலை செய்து கொடுத்துவிட்டுப் போகிறான் என்று பார்த்தேன். பிறகுதான் கவனித்தேன், எந்தக் கோட்டைத் தொடுவதாக இருந்தாலும் அம்பு அதற்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போய் உட்கார்ந்தது. சின்ன வயதில் ஸ்பூனைத் தட்டுக்கு மேலே இப்படிச் சுற்றாமல் நீ ஒரு வாய் சாப்பிட்டது கிடையாது, அதற்காக என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. நான் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து நீ முடித்துவிட்டுப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோனில் முகம் பார்த்துப் பேசும்போதுகூட நீ இவ்வளவு பக்கத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை, அதனால்தான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகு அப்பா படுக்கப் போனதும் நான் முன்னறைக்குப் போய் உனக்காக உட்காருவது பழக்கமாகிவிட்டது.

இப்படியே போயிருக்கும். நடுவில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுப் பிளான் வந்தது. அவர் மனைக்குப் பின்னால் சந்து கோணலாகப் போகிறது, அதனால் பின்சுவர் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்துதான் வர வேண்டும். அப்பா நேரில் போய் டேப் பிடித்து அளந்து வந்து அப்படியேதான் போட்டார். நீ அந்த இடத்தைப் பார்த்ததில்லை, கை நடுங்கியதால் சாய்ந்த கோடு என்று நினைத்து நிமிர்த்திவிட்டாய். அன்றைக்கும் நான் உட்கார்ந்துதான் இருந்தேன், எனக்கு அது தெரியவில்லை. தரையில் கயிறு கட்டிப் பார்த்த மேஸ்திரி அப்பாவுக்கு ஃபோன் செய்தார். சார், உங்க பிளான்படி கட்டினா பின்சுவர் சந்து வழியையே அடைக்குது, இனிமே குப்பை வண்டி வீட்டுக்காரர் ஹால் வழியாத்தான் போகணும், பரவாயில்லையா என்று கேட்டாராம். நல்ல வேளை, கடப்பாரை இன்னும் தரையில் படவில்லை. சாய்வாத்தானேப்பா போட்டேன் என்று சிரித்துக்கொண்டே அப்பா கம்ப்யூட்டரைத் திறந்தார். கோடு நட்டுக்குத்தலாக நின்றது. அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

அதற்குப் பிறகு அவர் நடந்துகொண்டதைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். காலையில என்ன சாப்பிட்டோம், சொல்லு பாப்போம் என்று எனக்கு வினாடி வினா வைப்பதுபோல ஆரம்பிப்பார், நான் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். குளியலறையிலிருந்து ஒரு நாள் பதினேழாம் வாய்ப்பாடு கேட்டது. பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டு, அடுத்த வீட்டுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஏன் என்று நான் கேட்டதற்கு, போட்ட கோடே ஞாபகம் இல்ல, தலை போனவன் கையில அடுத்தவன் வீடு இருக்கக் கூடாது என்றார். உன் நல்ல மனசை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அவருக்கு இல்லாத நோய் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது, இருக்கிற நோய்க்கு வைத்தியம் இல்லாமல் போனது.

அங்கேயே, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் ஸ்பூன் கதை உட்பட. கோபப்படுவார் என்று நினைத்தேன். அப்ப தலை நல்லாத்தான் இருக்கு என்றார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். கொஞ்சம் பொறுத்து, அப்ப கை என்றார், நான் காலி டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் அவர் படுக்கப் போகவில்லை. காலையில் போட்டதை அப்படியே விட்டுவிட்டு என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நீ வந்தாய், முதல் கோட்டுக்கு மேலே சுற்றினாய், அதைப் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரித்தார், ரொம்ப நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். நீ வேலை செய்வதைக் கண் கொட்டாமல் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை நீட்டி மவுஸைப் பிடித்தார். நீ ஒரு பக்கம் இழுக்க, அம்பு நின்ற இடத்தில் கிடுகிடுவென்று ஆடியது. அவர் கையை எடுக்கவில்லை. நீ கொஞ்ச நேரம் போராடிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாய். அன்று சாயங்காலம் ஃபோனில் ஒன்றும் தெரியாதவள்போல, அங்க இன்னைக்கு நெட் எப்படிப்பா, விட்டு விட்டு வருதா என்று கேட்டாய். மழையில்ல, அப்படித்தான் இருக்கும் என்றார் அப்பா. சொல்லிவிட்டு ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு நெட்டுக்கு ஒன்றும் இல்லை. நீ பார்த்தது அப்பாவின் கையை.

டாக்டரிடம் நாள் அவரே கேட்டு வாங்கியிருக்கிறார், வரும் திங்கட்கிழமை போகிறோம். பின்சுவரையும் அவரே உட்கார்ந்து மறுபடி சாய்த்தார், காலை முழுவதும் ஆனது, நான் கிட்டே போகவில்லை. மேஸ்திரியிடம் அடுத்த வீட்டைப் பற்றிப் பேசலாமா என்பது டாக்டர் சொல்வதைப் பொறுத்து. நீ அழுதுகொண்டு டிக்கெட் போடாதே, போடுவதானால் அழாமல் போடு. கம்ப்யூட்டருக்குள் வருவதாக இருந்தால் அவர் நாற்காலியில் இருக்கும்போது வா, கேட்டுவிட்டுக் கோட்டைத் தொடு. மத்தியானத்தில் மட்டும் ஒரு நடை சும்மா வந்து சுற்றிவிட்டுப் போனால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உன் ஆபீஸில் ஸ்க்ரீனுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்காராதே, கழுத்து போய்விடும். வேளைக்குச் சாப்பிடு. எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா

கீழே இருப்பது அப்பா எழுதியது. அவரே பேனாவைக் கேட்டு வாங்கினார். எழுத்து இருக்கிறபடியே படி, மனசுக்குள்கூட நிமிர்த்தாதே.

வாலு, கை ஆடுது. அந்தச் சுவர் சாய்வுதான். அப்பா.