வாளியில் குறையாத தண்ணீர்

மார்ச் 9

அப்பாவோடு கூரையேறிய அக்காவுக்கு,

தரையில் விடப்பட்ட தங்கை எழுதுவது. இருக்கும் ஒரே போன் வேலையிடத்தில் அப்பா பையில் இருப்பதால் காகிதம்.

அம்மா நலம். குளியலறைச் சுவரில் ஊறும் ஓதமும் நலம். போன மாதம் பூனை அளவு இருந்தது, இப்போது கன்றுக்குட்டி. ஊர்க் கூரைக்கெல்லாம் அப்பாவின் பூச்சு, நம் வீட்டுக்கு வெறும் பேச்சு.

அதுவும் உன்னைப் பற்றிய பேச்சுதான். அப்பா சொல்வார்: "பெரியவ பூசினா எறும்போட வேர்வைகூட இறங்காது." நானும் ஒரு பூச்சுக்கரண்டி கேட்டேன். "நீ சேட்டை, போய்ப் படி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வந்தபோதும் அப்பா நீ பூசிய மொட்டைமாடியைத்தான் சுற்றிக் காட்டினார். வடிகுழாயைத் துணியால் அடைத்து, தண்ணீர் நிறுத்தி, சுவரில் கோடு போட்டிருந்தாய். இரண்டு நாளில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கினால் கசிவு என்று டீச்சரம்மா மாதிரி சொன்னாய்.

இறங்கியதா? சும்மா கேட்டேன்.

இப்படிக்கு,
சேட்டை

மார்ச் 14

அன்புள்ள சேட்டைக்கு,

இறங்கியது. நாலு விரல்.

அப்பா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. சுவரோரப் பூச்சு முழுவதையும் இரண்டு பேரும் மூன்று நாள் கொத்தி எடுத்தோம். அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. என் கரண்டியை வாங்கி வைத்துக்கொண்டு, "நீ சாந்து குழைச்சா போதும்மா" என்றார்.

வெயில் எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க, பக்கத்தில் ஒரு வாளியிலும் தண்ணீர் வைத்திருந்தேன். அதில் அரை விரல்தான் குறைந்தது. கீழ் அறையிலும் பொட்டு ஈரமில்லை. சுவருக்குள் ஓடியிருக்கும் என்றார் அப்பா. நானும் நம்பினேன்.

நேற்று மறுபடி தண்ணீர் நிறுத்த, பழைய அடைப்புத் துணியை எடுத்தேன். சாந்து பட்டு, முறுக்கு அப்படியே காய்ந்திருந்தது. என் முறுக்குக்கு நேர் எதிர் முறுக்கு. நம் வீட்டில் இடக்கைக்காரி ஒருத்திதான்.

அப்பாவிடம் சொல்லவில்லை. துணி என் பையில் இருக்கிறது.

நீ தினமும் அம்மா பக்கத்தில் தூங்குகிறாய். எனக்கு அது இல்லையே என்று நான் எந்தத் துணியை அவிழ்த்தேன்?

அக்கா

மார்ச் 18

அக்கா,

முறுக்கு என்னுடையது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீயும் அப்பாவும் சாப்பிடப் போனபோது அவிழ்த்தேன். ஒரு விரல் இறங்கினால் போதும் என்று நினைத்தேன். திருப்பி அடைப்பதற்குள் நாலு விரல் போய்விட்டது.

'பெரியவ' என்று சொல்லும்போது அப்பாவுக்கு வாயெல்லாம் இனிக்கும். ஒரு நாள் கசக்கட்டும் என்று பார்த்தேன். முழங்காலை நினைக்கவே இல்லை.

நீ இதைப் படித்தால் மறைத்துவிடுவாய். அதனால் உறைமேல் அப்பா பெயர்தான் எழுதியிருக்கிறேன்.

அப்பா, இதுவரை படித்துவிட்டீர்களா? கரண்டியை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

மீதி ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
இடக்கைக்காரி