இரண்டு கேன் தண்ணீர்

பலாங்கொடை
நவம்பர் 12

அன்பு மகன் பிரதாப்புக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் பெரிய நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிடும் உனக்கும் சாமி அந்தக் குறையை வைக்காமல் இருக்கட்டும். மழை பிடித்ததிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. பத்து நாளாக மழை விடவில்லை, மேல் டிவிஷன் ரோட்டில் மண் சரிந்து பஸ் பாதி தூரம்தான் போகிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது, நீயும் அத விடுங்கப்பா என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் படி.

ஆகஸ்ட் லீவுக்கு எங்களை ஓமானுக்கு அழைத்து, சலாலாவுக்கு மழை பார்க்கப் போவோம் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். இரத்தினபுரிப் பக்கத்துக்காரனுக்கு மழை காட்ட ஆயிரம் கிலோமீற்றர் பாலைவனத்தில் கூட்டிப் போகிறானே என்று அம்மாவைச் சீண்டினேன். பேத்தி பாப்பா உன் ஜீப்பின் பின் சீற்றில் என் மடியில் படுத்துக்கொண்டு ஒட்டகம் எண்ணிக்கொண்டு வந்தாள். அதுவரை நல்லாத்தான் இருந்தது. பகல் சாப்பாட்டுக்கு நிறுத்தின கொட்டகையில் நீயும் மருமகள் தனுஷிகாவும் அம்மாவும் மணல்மேடு பார்க்கப் போனீர்கள், பாப்பாவுக்குத் தூக்கக் கலக்கம், அவளும் நானும் ஜீப்போடு இருந்தோம்.

முப்பத்தொரு வருஷம் தோட்டத்து லொறி ஓட்டியவன் நான். வண்டி நின்றால் எஞ்சின் மேல் பொனற்றைத் தூக்காமல் கை சும்மா இருக்காது. சூடு ஆறட்டும் என்று பொறுத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன், தண்ணீர் பச்சையாக இருந்தது. நம்ம ஊரில் தண்ணீர் பச்சையாக இருந்தால் பாசி பிடித்துவிட்டது என்றுதான் அர்த்தம். என் மகன் வண்டியைக் கவனிக்காமல் விட்டிருக்கிறான் என்று மனதுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டே அடித் திருகைத் திறந்து அவ்வளவையும் மணலில் விட்டேன். பின்னால் இருந்த இரண்டு கேனில் ஒன்றை ஊற்றிக் கழுவினேன், மற்றதை ஊற்றி நிரப்பினேன். குடிக்கிற தண்ணீர் என்று தெரியாமல் இல்லை. நம்ம ரோட்டில் வளைவுக்கு வளைவு மலைத்தண்ணீர் பீலியில் கொட்டும், அடுத்த பீலியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று கை பழகிவிட்டது. பாலைவனத்தில் ஏது பீலி என்று அந்த நேரம் எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பச்சைத் தண்ணீர் வண்டி சூடேறாமல் இருக்க ஊற்றுகிற மருந்து என்று நீ பிறகு ஆஸ்பத்திரி வாசலில் சொல்லித்தான் தெரியும்.

மறுபடி கிளம்பிப் போய் ஜீப் கொதித்து நின்ற இடத்தில் ஒரு மரம் கூட இல்லை. தனுஷிகா தண்ணீர் எங்கே என்று கேட்டாள். நீ காலிக் கேன்களைத் தூக்கிப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், பிறகு நான்தான் நிரப்ப மறந்துட்டேன் என்று அவளிடம் சொன்னாய். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்து அந்த எண்ணெய் லொறிக்காரன் வரும்போது பாப்பா கண் செருகிக் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் அவள் கிடந்த மூன்று நாளும் வாயைத் திறக்கவில்லை. புள்ளைக்குத் தண்ணி எடுத்து வைக்கத் தெரியாத மனுஷனோட எப்படி இருப்பேன் என்று தனுஷிகா அவளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பி வரக்காப்பொலையில் தன் அம்மா வீட்டுக்குப் போனபோதும் நான் சும்மாதான் இருந்தேன். நீ என்னைக் காப்பாற்றினாய், நான் உன் குடும்பத்தை விட்டுக்கொடுத்தேன். போன வாரம்தான் உன் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் பஸ் மாறி மாறி வரக்காப்பொலைக்குப் போனேன். தனுஷிகா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், குடிக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று இருந்தேன். அவளோ, ஏன் மாமா அவரு என்கிட்ட சொல்லல, மூனு மாசமா பொய் சொல்லிட்டுத்தானே இருந்தாரு என்று கேட்டாள். அவரே பேசட்டும் என்று உள்ளே போய்விட்டாள், அழுதது வெளியே கேட்டது. பாப்பா இளைத்திருக்கிறாள், உன் நெற்றி அப்படியே இருக்கிறது.

நான் கேற்றைத் தாண்டியதும் பாப்பா ஓடிவந்தாள். தன் ஸ்கூல் தண்ணிப் போத்தலை என் கையில் வைத்து, தாத்தா, இத வண்டிக்கு ஊத்திறாதீங்க, நீங்க குடிங்க என்றாள். அன்றைக்கு அவள் தூங்கவில்லை பிரதாப், எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அம்மாகிட்ட ஏன் சொல்லல கண்ணு என்று கேட்டேன். அப்பாவும் சொல்லலதானே என்றாள். ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து இதைச் சுமத்தியிருக்கிறோம்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே தனுஷிகாவுக்குப் பேசு. எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தையும் சொல்லாதே. நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள். நீங்கள் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கதிர்காமக் கந்தன் வழி காட்டட்டும். பாப்பா தந்த போத்தல் மேசையில் இருக்கிறது. இன்னும் குடிக்கவில்லை.

உன் அப்பா,
மூக்கையா