அடித்துவிடச் சொன்ன வரி

இன்று அலமாரியைத் துடைக்கும்போது உன் கதையின் பதினோரு தாள்கள் கையில் வந்தன. சுக்கு வாடை இன்னும் போகவில்லை. மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குக்கு மேல்மாடியில் குடியிருந்தவள் எழுதியது வேறெப்படி மணக்கும்? முதல் தாளைத் தாண்டத் துணிவில்லாமல் இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமைதோறும் உன் வீட்டில் நாமிருவரும் நாவல் படித்தோம். எந்த நாவலையும் அத்வைதத்தில் கொண்டுபோய்க் கட்டிவிடுவது என் வழக்கம். கொன்றவனும் செத்தவனும் ஒரே ஆத்மா என்பேன். புருஷனை விட்டுப் போகிறவளுக்கு விவேகம் பிறந்துவிட்டது என்பேன். "எடீ, அவளுக்குப் பசிக்கறதுடி. முதல்ல ஒரு சாயா குடு, அப்புறம் பிரம்மத்தைக் குடு" என்று நீ சிரிப்பாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

பிறகு நீயே ஒரு கதை எழுதிக் கொடுத்தாய். குளிக்கும்போது ஒருத்திக்கு மார்பில் கட்டி தட்டுப்படுகிறது. யாரிடமும் சொல்லாமல் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து தோசை வார்க்கிறாள். இந்த உடம்பு நானில்லை என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். நான் பரவசமாகிவிட்டேன். 'சாட்சிக்கு வலிக்காது, அபாரம்!' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி, அரைமணி நேரம் பேசித் தீர்த்தேன்.

"அவ்வளவுதானா?" என்றாய்.

"பின்னே? இதுக்கு மேல என்ன வேணும்?"

"ஒண்ணுமில்லை. தோசை வார்க்கறச்சே அவ கை நடுங்கறதுன்னு எழுதியிருந்தேன். அது நோக்குக் கண்ணுல பட்டுதோன்னு கேட்டேன்."

பட்டது. தேகாபிமானத்தின் மிச்சம், அந்த வரியை அடித்துவிடு என்றேன். நீ தலையாட்டிவிட்டுச் சாயா போட எழுந்து போனாய்.

ஐந்து மாதம் கழித்து, எர்ணாகுளத்து ஆஸ்பத்திரி வராந்தாவில், உன் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்குள் உன் மார்பிலிருந்த கட்டி ஈரல்வரை பரவியிருந்தது. "எங்ககிட்டே மறைச்சாலும் அம்மா உங்ககிட்டே சொல்லியிருப்பான்னு நெனச்சேன், மாமி" என்றாள். சொன்னாளே என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். நீ போன பிறகும், இன்றுவரை, அவளிடம் சொல்லவில்லை.

நான் படித்த வேதாந்தம் பொய்யென்று இப்போதும் தோன்றவில்லை. அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு உன்னைப் பார்க்காமல் இருந்துவிட்டேன். அதுதான் அறுக்கிறது.

போன வாரம் நூலகத்தில் ஒரு பெண் தன் கதையைப் படிக்கக் கொடுத்தாள். வீட்டுக்குத் திரும்பப் பயந்து படகுத்துறையிலேயே உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் கதை. படித்துவிட்டுத் தாளை மூடி வைத்தேன். "வீட்டிலே எல்லாம் சரிதானே, மோளே?" என்று கேட்டேன். அவள் அழத் தொடங்கினாள்.

அவ்வளவுதான் கேட்க வேண்டியிருந்தது. உன்னிடம் நான் கேட்கவில்லை.