கேட்பவரையும் சேர்த்து

நவம்பர் 2, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. சபைக் கூரை இன்னும் ஒழுகுகிறது. கீபோர்டுக்கு மேலேயே. வாளி வைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரிலிருந்து வந்த பாஸ்டர் ஆங்கிலத்தில் பிரசங்கம். பக்கத்தில் நின்று தமிழாக்கம், நான். இருபது வருடமாக இதே வேலை. அவர்கள் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும். "நான் உடைந்துபோய் ஜெபித்தேன், கர்த்தர் அன்றைக்கே பதில் கொடுத்தார்." சபை என் வாயைப் பார்த்து அல்லேலூயா சொல்கிறது. என் வாய்க்கு மட்டும் வந்த பதில்கள்.

பிறகு ஜெயசீலன் சாட்சி. (இனி ஜெ. முழுப்பெயர் எழுதக் கை வரவில்லை.) நான் வேலை செய்யும் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர், விருந்தாளி பாஸ்டருக்காக ஆங்கிலத்தில் சாட்சி சொல்கிறார். அதையும் நான் தமிழில் சொல்ல வேண்டும். "கர்த்தர் எனக்குத் தலைமையாசிரியர் என்ற கதவைத் திறந்தார்." சொன்னேன். மைக்கில், தெளிவாக. என்னைவிட ஆறு வருடம் இளையவன். அந்தக் கதவு சாத்தியபோது நசுங்கியது என் விரல்.

கடைசியில் பாஸ்டர், நாம் படும் பாடு கர்த்தருக்குத் தெரியும் என்ற பொருளில் ஒன்று சொன்னார். ஆங்கிலத்தில் நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே 'வீ'. "நாங்கள் படும் பாடு கர்த்தருக்குத் தெரியும்" என்று மாற்றினேன். மேடையில் நிற்கிறவர்கள் பாடுதானே தெரியும் அவருக்கு. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

காரில் எஸ்தர்: "வேணும்னேதானே 'நாங்கள்'னு சொன்னீங்க? எங்க எல்லாரையும் வெளிய நிறுத்திட்டீங்க."

என் மனைவியின் காதுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

வியாழன் ஜொகூர் பாரு மருத்துவமனையில் அவள் ஸ்கேன் ரிசல்ட். இரண்டு வருடத்துக்கு முன் அவள் மார்பில் எடுத்த கட்டி. பரவியிருக்கிறதா, இல்லையா. அவ்வளவுதான் கேள்வி.

நவம்பர் 4, செவ்வாய்

வீட்டில் ஜெபக் கூட்டம். ஒன்பது பேர். நான் வேண்டாம் என்றேன், எஸ்தர் கேக் வாங்கிவிட்டாள். ஜெ. வந்திருந்தான், என் நாற்காலியில் உட்கார்ந்தான்.

எதிர் வீட்டுத் தேவி அக்கா ஜெபித்தார். சபைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "ஆண்டவரே, நாம எஸ்தருக்காக அழுவுறோம், நமக்கு வேற யாரும் இல்ல, நம்மளப் பாருங்க..."

ஆமென் ஆனதும் திருத்தினேன். பழக்கம். நாலாம் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் கற்பிப்பது: கேட்பவரையும் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். கடவுளிடம் பேசும்போது 'நாங்கள்'. "கடவுளையும் கூட உட்கார வைத்து அழச் சொல்றீங்களா அக்கா?" என்றேன்.

"சாரி சார். மலாய்லயே பேசிப் பேசி, அந்த 'கித்தா' மாதிரி 'நாம'ன்னே வந்துருது."

"மலாயிலும் இந்த இடத்தில் 'காமி', நாங்கள்தான்."

"அலமாக், ரெண்டுலயும் தப்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார், காது மடல் வரை சிவந்து. எஸ்தர் சிரிக்கவில்லை.

நவம்பர் 5, புதன்

அரை நாள் விடுப்பு. காலைச் சந்தைக்கு எஸ்தரோடு. கடைசித் தெங்கிரி மீன் எங்களுக்குக் கிடைத்தது. "ஆண்டவர் வச்சிருந்தார் பாருங்க, நமக்குன்னு." துணி எடுக்கும்வரை மழை பொறுத்தால் ஆண்டவர். காஸ் தீர்ந்த அன்றே லாரி வந்தால் ஆண்டவர். இந்த வருடம் மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளியிலிருந்து ஞாயிறுக்கு மாறியதுகூட அவள் ஜெபம்தான். மொத்த ஜொகூருக்கும் அட்டவணை மாற்றிக் கொடுத்திருக்கிறார், இந்தப் பொந்தியான் ஊர் எஸ்தருக்காக.

மீனைக் கவனிக்கிறவர் கட்டியைக் கவனிக்க மாட்டாரா? கேட்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது.

கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டால் சுலபம். எனக்கு அதுவும் முடியவில்லை. இருக்கிறார். ஜெ. வீட்டுக்குப் போகிறார், வருகிறார். எங்கள் தெருவைத் தாண்டித்தான் போகிறார்.

நாளைக்கு: அடையாள அட்டை. நீலக் கோப்பு. அவளுக்கு ஸ்வெட்டர் (ஏர்கான்). பிளாஸ்க். டோல் கார்டு. பிஸ்கட்.

நவம்பர் 6, வியாழன்

ஐந்தரைக்கே கிளம்பினோம். மருத்துவமனையில் வரிசை எண் 1007. "ஏழுல முடியுது, வேதத்துல நல்ல நம்பர்!" என்று சீட்டைக் காட்டினாள். ஸ்வெட்டர் போட்டும் குளிர்.

டாக்டர் சின்னப் பெண், மலாய்க்காரர், நல்ல மாதிரி. கண்ணைப் பார்த்துப் பேசினார். ஈரலில். முதுகெலும்பில். மீண்டும் கீமோ கொடுத்துப் பயன் இல்லை. கடைசியில் ஆங்கிலத்தில்: "வீ வில் கீப் ஹெர் கம்ஃபர்ட்டபிள்."

நான் எஸ்தர் பக்கம் திரும்பினேன். எப்படித் தொடங்குவது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"மொழிபெயர்க்க வேணாங்க," என்றாள். "புரிஞ்சிருச்சு."

டாக்டரின் கையைத் தட்டிக் கொடுத்தாள். "தெரிமா காசி, டாக்டர்." நன்றி சொல்கிறாள், இதைச் சொன்னவருக்கு.

திரும்பும் வழியெல்லாம் கொட்டுகிற மழை. வீட்டு வாசலுக்கு வந்ததும் சட்டென்று நின்றது. குடை இல்லாமலே இறங்கி உள்ளே போனோம். 'ஆண்டவர்' என்பாள் என்று காத்திருந்தேன். வானத்தைப் பார்க்கக்கூட இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

பள்ளிக்குப் போகவில்லை. ஜெ.க்குச் செய்தி அனுப்ப வேண்டியிருந்தது, விடுப்புக்கு. உடனே போன் செய்தான். "எல்லாம் கர்த்தருடைய சித்தம், பிரதர்." உனக்கு நாற்காலி, எனக்கு இது, இரண்டும் ஒரே சித்தம். வைத்துவிட்டேன்.

தேவி அக்கா கஞ்சி கொண்டு வந்தார். வாசலிலேயே நின்று, "உள்ள வரல சார், நான் எதாச்சும் தப்பாப் பேசிருவேன்." கிண்டலா, பயமா, தெரியவில்லை. நான் வாங்க என்று சொல்லியிருக்க வேண்டும்.

எஸ்தர் ஜெபிக்காமல் கஞ்சியைக் குடித்தாள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. டீக்கும் ஜெபிக்கிறவள். எத்தனை தடவை கேலி செய்திருப்பேன். கஞ்சி ஆறிவிடும், அவருக்கு வேறு வேலை இருக்கும் என்று.

இன்று கேலி செய்ய ஒன்றும் இல்லை. ஸ்கேன் படத்தைவிட இதுதான் பயமாக இருக்கிறது. இந்த வீட்டில் ஆண்டவரோடு பேச்சுவார்த்தை வைத்திருந்தது அவள் ஒருத்திதான்.

நவம்பர் 8, சனி

வெயில். துணி காய்ந்தது.

மதியம் நான் சமைத்தேன். ஃப்ரீஸரில் இருந்த தெங்கிரியைக் குழம்பு வைத்தேன், புளி அதிகம். தட்டில் போட்டுக் கொண்டுபோய் அவள் முன் வைத்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னால முடியலங்க. வார்த்தையே வரல. நீங்க ஜெபம் பண்ணுங்க."

"நானா?"

"இத்தனை வருஷம் எல்லாருக்காகவும் சொன்னீங்களே."

அவர்கள் சொல்லத்தான் நான் சொன்னேன். பக்கத்தில் யாரும் இல்லை, மாற்றிச் சொல்ல. கண்ணை மூடினேன். 'நாங்கள்' என்றுதான் தொடங்க நினைத்தேன்.

"ஆண்டவரே, நமக்குப் பயமாக இருக்கிறது."

நாலாம் வகுப்புத் தவறு, அவரையும் சேர்த்துவிட்டேன். கண்ணைத் திறந்தேன். எஸ்தர் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருத்துவாள் என்று நினைத்தேன்.

"ம்," என்றாள். "மேல சொல்லுங்க."

மறுபடி கண்ணை மூடினேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது.