கடைசிக்கு ஒதுக்கிய கத்தல்கள்

மார்ச் 3

என் செல்லப் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம் என்று எழுதினால் நம்பமாட்டாய், சுகமில்லை என்று எழுதினால் பயந்துவிடுவாய். இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

போனை விட்டுவிட்டு ஏன் காகிதத்தில் வந்து நிற்கிறேன் என்று கேட்பாய். தொண்டையில் ஒரு சின்னக் கட்டி. டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "இப்பவே எடுத்துட்டா பாதிக் குரலாவது மிஞ்சும் சார். தள்ளிப்போட்டா முழுசும் போயிடும்" என்றார். அதுவரை வாயையே திறக்கக் கூடாதாம். டப்பிங் பேசிப் பிழைக்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது? ஒரு தொடரை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அந்தத் தொடர் என்ன தெரியுமா? துருவேந்தன் திரும்பி வந்துவிட்டான்! தொட்ட இரும்பையெல்லாம் துருப்பிடிக்க வைக்கும் அதே காமிக்ஸ் வில்லன். சின்ன வயதில் நான் அவனாகப் பேசுவதைக் கேட்டால்தான் நீ வாயைத் திறந்து சாப்பிடுவாய். இப்போது அனிமே கார்ட்டூன் தொடராக எடுத்திருக்கிறார்கள். வீரர்கள் எல்லாரும் செத்துப்போன ஒரு மந்திர நாடு. அங்கே ஒரு சூனியக்காரி உதவிக்கு ஆள் பிடிக்க மந்திரம் போட்டால், வந்து விழுவது துருவேந்தனோடு சேர்த்து நாலு காமிக்ஸ் வில்லன்கள். இத்தனை வருஷமாக எல்லாக் கதையிலும் உதை வாங்கிச் சாகிறவன், இதில் கடைசி வரை உயிரோடு இருக்கிறான் பாப்பா. அவனுக்கு என்னை விட்டால் யார் பேசுவது?

மைக் முன்னால் மட்டும் கொஞ்சம் பேசுகிறேன். மற்ற நேரமெல்லாம் மௌனச் சாமியார். பேத்திக் குட்டிக்கு முத்தம்.

அப்பா


மார்ச் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கண்ணாடிக் கடையில் வேலைக்கு நடுவே படித்தேன். படித்த கையோடு ஒரு பெரியவருக்கு இடது லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்து, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என்ன விளையாட்டு அப்பா இது? அம்மா இருந்திருந்தால் உங்களைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பாள். கேட்க ஆளில்லை என்கிற தைரியம் உங்களுக்கு. வில்லனுக்குக் குரல், எனக்குக் காகிதமா?

நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் குட்டி தூங்கிக்கொண்டிருப்பாள், இல்லாவிட்டால் வெட்கப்பட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வாள். இப்போதுதான் போனைக் காதில் வைத்துக் கேட்கிற வயது வந்திருக்கிறது. நேற்று, "தாத்தா எப்படிம்மா பேசுவாரு?" என்று கேட்டாள். நான் உங்களைப் போலப் பேசிக் காட்டினேன். சிரித்துவிட்டு, "நீ பொய்யி" என்கிறாள்.

உடனே ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள். உங்கள் பிடிவாதம் எனக்குத் தெரியும். அது முடியாதென்றால், குரல் இருக்கும்போதே அவளிடம் ஒரே ஒரு நிமிஷம் பேசுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

உங்கள் மகள்


ஏப்ரல் 2

பாப்பாவுக்கு,

திட்டி முடித்தாயா? உன் அம்மாவின் கையெழுத்து உனக்கு வரவில்லை, வாய் மட்டும் அப்படியே வந்திருக்கிறது.

துருவேந்தன் பாடு திண்டாட்டம். மந்திர நாட்டில் கல்லும் மரமும்தான். இரும்பே இல்லை. துருப்பிடிக்க வைக்க ஒன்றுமில்லாமல் அரண்மனைச் சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறான். அங்கே இருக்கிற மண்பானைகளிடம், "நான் யார் தெரியுமா?" என்று மிரட்டுகிற ஒரு இடம் வருகிறது. அதைப் பேசும்போது சவுண்டுக்காரர் சிரித்து, அவர் சிரிப்பும் பதிவாகி, மறுபடி பேசவேண்டியதாயிற்று. எனக்கு எரிச்சலே வரவில்லை. இந்த வயதில் இப்படி ஒரு வேலை வாய்த்தால் யாருக்கு விட மனசு வரும், சொல்.

வசனம் பூராவும் முடிந்தது. கத்தல்கள் மட்டும் பாக்கி. அடிபடுவது, மலையிலிருந்து விழுவது, நெருப்பில் சிக்குவது எல்லாவற்றையும் கடைசி நாளுக்கு ஒதுக்கிவைப்பதுதான் எங்கள் வழக்கம். முதலிலேயே கத்திவிட்டால் தொண்டை கிழிந்து அப்புறம் வசனம் பேச வராது. இருபதாம் தேதி கத்தல் நாள். அன்று சாயங்காலமே குட்டிக்குப் போன் செய்கிறேன். சத்தியம். அதற்கடுத்த வாரம் ஆஸ்பத்திரி. போதுமா மகாராணி?

அப்பா


ஏப்ரல் 11

அப்பா,

நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்தால் சாயங்காலம் என்ன குரல் மிஞ்சும்? கத்தப் போவதற்கு முன்னால் கூப்பிடுங்கள். காலையில் நான் கடைக்கு லீவு போட்டுவிட்டேன். குட்டியைக் குளிப்பாட்டி, போனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருப்பேன். உங்களிடம் சொல்ல ஒரு கதை வைத்திருக்கிறாளாம். என்னிடம் சொல்லமாட்டேன் என்கிறாள்.

காலையில் அப்பா. மறந்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்


மே 6

பாப்பாவுக்கு,

சவுண்டுக்காரர் போனில் எல்லாம் சொல்லியிருப்பார். இருந்தாலும் என் கையால் எழுதினால்தான் உனக்கு நிம்மதி.

உன் கடிதம் கத்தல் நாளன்று காலை என் சட்டைப் பையில்தான் இருந்தது. போனை எடுத்தேன். குட்டியோடு பேச ஆரம்பித்தால் ஒரு நிமிஷத்தில் நிறுத்துவேனா? தொண்டை அங்கேயே தீர்ந்துவிடும், டைரக்டர் காத்திருப்பார் என்று வைத்துவிட்டேன். மலையிலிருந்து விழுகிற கத்தலை முதலில் எடுத்தார்கள். நன்றாக வந்தது. "சார், இன்னொன்னு குடுங்க, சேஃப்டிக்கு" என்றார் டைரக்டர். கொடுத்தேன். பாதியில் அறுந்தது. கைக்குட்டையில் ரத்தம். அதற்கப்புறம் யார் என்ன கேட்டாலும் வாய் மட்டும்தான் அசைந்தது.

குரல்பெட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. அதன் வழியாகத்தான் மூச்சு. வலி குறைந்திருக்கிறது. நர்ஸ் பெண் ஒருத்தி ஒரு பலகை கொடுத்திருக்கிறாள். "தண்ணீர்" என்று எழுதிக் காட்டினால், காது கேட்காதவனிடம் பேசுவதுபோல உரக்கப் பதில் சொல்கிறாள்.

நீ அன்று லீவு போட்டது வீணாயிற்று. ஆனால் வசனம் முழுக்க என்னுடையது பாப்பா. ஜூனில் தொடர் வருகிறது. குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பார். தாத்தா அதில் இருக்கிறேன்.

அப்பா


ஜூன் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

தொடரைப் பார்த்தோம். குட்டி என் மடியை விட்டு இறங்கவே இல்லை. சமையலறை இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் எனக்குப் பாதி வசனம் கேட்கவில்லை. "இதான் தாத்தாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உடனே கை தட்டினாள். மறுநாள் காலையில் பால் டம்ளரைப் பார்த்து, "நான் யார் தெரியுமா?" என்று மிரட்டிவிட்டுத்தான் குடித்தாள்.

மிகவும் அருமையாக இருந்தது அப்பா. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்துத் துளையில் தூசி படாமல் துணி கட்டிக்கொள்ளச் சொன்னார்கள் அல்லவா, கட்டுகிறீர்களா? இங்கே வேலை அதிகம். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் மகள்


ஜூலை 1

என் பாப்பாவுக்கு,

உனக்குப் பொய் சொல்ல எப்போதுமே வராது. "மிகவும் அருமையாக இருந்தது" என்று ஜென்மத்தில் நீ பேசியதும் இல்லை, எழுதியதும் இல்லை. முதல் வசனத்திலேயே கண்டுபிடித்திருப்பாய்.

கம்பெனியிலிருந்து வந்து சொன்னார்கள். மிச்சக் கத்தல்களை வேறு ஒருவரை வைத்து எடுத்துப் பார்த்தார்களாம். பேச்சு ஒருவருடையது, கத்தல் ஒருவருடையது என்றால் ஒட்டவில்லை. அதனால் முதலிலிருந்து எல்லாவற்றையும் அந்தத் தம்பியையே பேசவைத்துவிட்டார்கள். நான் பேசியது எதுவும் எங்கேயும் இல்லை. அவர்கள் மேல் தப்பில்லை. நான் டைரக்டராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். உனக்கு எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டே நாளைக் கடத்தினேன். அதற்குள் உன் கடிதம் வந்துவிட்டது.

நானும் பார்த்தேன். அந்தத் தம்பி நன்றாகவே செய்திருக்கிறார். மண்பானைகளிடம் பேசுகிற இடத்தில் என்னைவிட ஒரு பிடி மேலே. அழுகை வந்துவிட்டது. இப்போதெல்லாம் அழுதாலும் சத்தம் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அவருக்குத் தெரியவே இல்லை.

குட்டியிடம் நீ ஆமாம் என்று சொன்னாயே, அதை அப்படியே விட்டுவிடு. திருத்தாதே. எல்லாக் குழந்தைக்கும் தாத்தா குரல் என்று ஒன்று வேண்டும். அவளுக்கு அந்தக் குரலே இருக்கட்டும், நல்ல குரல். உனக்குத்தான் நான் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அன்று காலை கையில் எடுத்த போனை வைத்துவிட்டேனே பாப்பா.

உன் பேச்சைக் கேட்கவேண்டும்போல இருக்கிறது. போன் பண்ணு. எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறேன். கடையில் நடந்தது, முதலாளி திட்டியது, என்னைத் திட்டவேண்டியது, எதை வேண்டுமானாலும் பேசு. ஆனால் குட்டி பள்ளிக்கூடம் போன பிறகு பண்ணு. அவள் போனை வாங்கிக் காதில் வைத்துவிட்டால், தாத்தா ஏன் பேசமாட்டேன் என்கிறார் என்று உன்னைத்தான் கேட்பாள்.

அப்பா