இரண்டாவது சாவி

வெள்ளிக்கிழமை, இரவு

அம்மாவின் வெள்ளைச் சேலை முந்தியில் ஒரு முடிச்சு இருந்தது. காலையில் தொழும்போது அது தரையில் பட்டுச் சத்தம் கேட்டது. அத்தாவின் கார் சாவி.

அத்தா மவுத்தாகி, அடக்கம் செய்து இரண்டு மாதம் ஆகிறது. காரைப் போன வாரம்தான் விற்றோம். வாங்கியவர் இன்று பரமக்குடியிலிருந்து இரண்டாவது சாவியைக் கேட்டு வந்துவிட்டார். கணவரை இழந்தவர்கள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் அம்மா இருப்பதால் வெளி ஆண்கள் முன்னால் வரக்கூடாது. நான்தான் வாசலுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு வெளியாட்களிடம் நான் பேசியதே இல்லை.

“ஒத்தச் சாவிய வச்சு எம்புட்டு நாளைக்கும்மா ஓட்டுறது? இதுவும் தொலஞ்சா நடுரோட்டுலதான் படுக்கணும்,” என்றார்.

திரைக்குப் பின்னால் போனேன். அம்மா முந்தியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“தொலஞ்சு போச்சுன்னு சொல்லிரு புள்ள. இது ஒண்ணு எனக்கு இருக்கட்டும்.”

வாசலுக்கு வந்து, “நான்தான் தொலச்சுட்டேன்ணே,” என்றேன்.

“இங்கனதான் எங்கயாச்சும் கெடக்கும், நல்லாத் தேடு தாயி. நான் இருக்கேன்,” என்று படியில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே வந்தேன். அவருக்குக் கேட்கும்படி பீரோவைத் திறந்தேன், கட்டிலை நகர்த்தினேன். பிறகு, சாவி அங்கே இல்லை என்று தெரிந்தும் குனிந்து, அதன் அடியில் தேடினேன்.