ஓடுகிற குழாயைத் தொடாதவர்

ஜனவரி 9

மேஸ்திரி அவர்களுக்கு,

நலம்தானே என்று கேட்டு ஆரம்பிக்கலாம் என்றால், நலமில்லை என்று சொல்லும் அட்டை ஒன்று என் மேஜைமேல் கிடக்கிறது. உங்கள் ஊர் மருத்துவமனையிலிருந்து, உங்கள் பெயருக்கு, இந்த வீட்டு முகவரிக்கு வந்திருக்கிறது. 'பித்தநாளத்தில் வைத்த ஸ்டென்ட் குழாயை எடுக்க வேண்டிய நாள் ஜனவரி 20. தவறாமல் வரவும்' என்று அச்சடித்திருக்கிறார்கள். நான்கு வருஷமாக உங்கள் பெயரில் இங்கே ஒரு துண்டுக் காகிதம் வந்ததில்லை. தபால்காரர், "சார் திரும்பி வந்துட்டாராம்மா?" என்று ஆவலாகக் கேட்டார். கதவைச் சாத்திவிட்டேன்.

எப்போது வைத்தார்கள்? எதற்கு? கூட யார் இருந்தார்கள்? நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பக்கத்திலிருக்கும் மருந்துக் கடைக்காரரிடம் அட்டையைக் காட்டினேன். "பித்தப்பைக் கல்லு நழுவிக் குழாயை அடைச்சிருக்கும்மா. அதுல சீழ் வெச்சா ஆளையே தூக்கிடும். ஸ்டென்ட் தற்காலிகம்தான், மறந்துட்டா வம்பு" என்றார். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டை, எதுவானாலும் எழுதிக்கொள்வோம் என்று பிரியும்போது நாம் சேர்ந்து வைத்த விதி. அதனால் எழுதுகிறேன். பதில் போடுங்கள்.

அந்த வீட்டில் இன்னும் இருப்பவள்

---

ஜனவரி 14

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

உன் கையெழுத்தை உறையின்மேல் பார்த்ததும் விவாகரத்து நோட்டீஸ் என்றே நினைத்தேன். வெறும் திட்டுதான் என்று தெரிந்து நிம்மதியானேன்.

படிவத்தில் முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. கை அதுவாகவே அந்த வீட்டை எழுதிவிட்டது. பதினாறு வருஷம் எழுதிய கை, அதற்கு நம் சண்டை தெரியாது. காய்ச்சல் வேறு.

நடந்தது இதுதான். அக்டோபரில் ஒரு பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிமேல் நின்று வால்வு மாற்றிக்கொண்டிருந்தேன். வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்று பிடித்தது. வாயு என்று சோடா குடித்தேன். மூன்றாம் நாள் குளிர் காய்ச்சல், கட்டிலே ஆடுகிற அளவுக்கு நடுக்கம், கண் மஞ்சள். கல் ஒன்று நாளத்தில் சிக்கி, மேலே தேங்கிய பித்தத்தில் கிருமி பிடித்துவிட்டதாம். வாய்வழியாகக் கேமராவை விட்டு, அடைப்பைத் தாண்டி ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகினார்கள். காய்ச்சல் இறங்கட்டும், கல்லையும் பித்தப்பையையும் பிறகு எடுக்கலாம் என்றார்கள். வேலை சுத்தம், நானே டாக்டரைப் பாராட்டினேன்.

இப்போது வலி இல்லை, மஞ்சள் இல்லை, பசி நன்றாக எடுக்கிறது. ஓடுகிற குழாயைத் தொடாதே என்பதுதான் எங்கள் பிளம்பிங் தொழிலில் முதல் பாடம். பிரித்தால்தான் கசியும். நீ கவலைப்படாமல் சாப்பிடு.

மேஸ்திரி

---

ஜனவரி 17

மேஸ்திரி அவர்களுக்கு,

உங்கள் தொழில் பாடத்தை உடம்பில் கொண்டுபோய் வைக்காதீர்கள். சமையலறைத் தொட்டிக்கு அடியில், "ரெண்டு நாளைக்குத்தான், அப்புறம் சரியா மாத்திடறேன்" என்று ஒரு ரப்பர் ட்யூபைச் சுற்றினீர்களே, நினைவிருக்கிறதா? ஏழு வருஷம் ஆகிறது. உள்ளே பாசி பிடித்து அடைத்துக்கொண்டு, ஓரத்தில் சொட்டுகிறது. நான்தான் பாத்திரம் வைத்துப் பிடிக்கிறேன். உங்கள் வயிற்றில் இருப்பதும் அந்த ஜாதிதான்.

இருபதாம் தேதி போங்கள். அதுவரை தினமும் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், பல்பு வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது. ஒரு நாளைக்கு முப்பது ஜோடிக் கண் பார்ப்பவள் சொல்கிறேன். கூட ஆள் வேண்டுமென்றால் எழுதுங்கள். நான் வருகிறேன் என்று இல்லை. யாரையாவது ஏற்பாடு செய்கிறேன்.

அந்த வீட்டில் இருப்பவள்

---

பிப்ரவரி 2

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

போனேன், எடுத்தாகிவிட்டது. விரல் நீளம்கூட இல்லை, நீல நிறம். கழுவிக் கையிலேயே கொடுத்தார்கள். கல்லும் போய்விட்டது. கண் உன் கடைச் சுவர் மாதிரி வெள்ளை. இனி நிம்மதியாக இரு. ரப்பர் ட்யூபுக்குப் பதிலாக முக்கால் அங்குல வளைவுக் குழாய் ஒன்றை வாங்கி அனுப்புகிறேன், பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டு மாட்டிக்கொள்.

மேஸ்திரி

---

மார்ச் 11

இரண்டாவது அட்டை வந்திருக்கிறது. 'ஜனவரி 20 அன்று தாங்கள் வரவில்லை. ஸ்டென்ட் நீண்ட நாள் உள்ளே இருந்தால் அடைத்து உயிருக்கு ஆபத்தாகலாம். உடனே வரவும்.'

நீல நிறமாம், கழுவிக் கையில் கொடுத்தார்களாம். இவ்வளவு நுணுக்கமாகப் பொய் சொல்ல எங்கே கற்றீர்கள்?

எதற்காகப் பிரிந்தாய் என்று உங்கள் அக்கா போன மாதம்கூட என்னிடம் கேட்டார். குடியா, வேறு பெண்ணா என்று அவருக்கு இன்னும் சந்தேகம். என்ன சொல்வேன்? கண்ணாடிக் கடை வேலைக்காக நான் படித்த படிப்பின் பரீட்சை அன்று, காலை எட்டு மணிக்கு, என் அப்பாவுக்கு முடியவில்லை என்று போன் வந்தது. நீங்கள் எடுத்தீர்கள். ஒன்றும் சொல்லாமல் ஹால் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்து, பேனாவில் மை இருக்கிறதா என்று வேறு பார்த்தீர்கள். பரீட்சை முடியட்டும் என்று நினைத்தீர்கள். நான் நாலு மணிக்கு வெளியே வந்தேன். அப்பா இரண்டு மணிக்கே போய்விட்டார். என் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

கெட்ட சேதியைப் பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி மூலையில் வைப்பது உங்களுக்குக் கைவந்த கலை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இப்போது உங்கள் உயிரையே சுருட்டி வைத்திருக்கிறீர்கள். கையெழுத்துப் போடக்கூட மனசில்லை.

---

ஏப்ரல் 4

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

கோணல்மாணலாக இருக்கும், கையில் டிரிப்ஸ் ஊசி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆறாம் நாள்.

உன் கடிதம் வந்தபோதே கண் மஞ்சள்தான். ஜன்னலோரம் போய்ப் பார்த்தேன், பார்த்துவிட்டுப் பல்பைப் போட்டுக்கொண்டேன். போன வாரம் ஒரு மாடிவீட்டுக் குளியலறையில் வேலை. நடுக்கம் எடுத்து ஸ்பேனர் கையிலிருந்து விழுந்தது. அப்புறம் எதுவும் நினைவில்லை. ரத்தத்தில் கிருமி கலந்து, ரத்த அழுத்தம் தரைக்குப் போய்விட்டதாம். இரண்டு நாள் யாரிடமோ எங்கேயோ உளறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஸ்டென்ட்டை எடுக்கப் போனார்கள், பாதியில் முறிந்துவிட்டது. அதைச் சுற்றியே புதுக் கல் வளர்ந்திருக்கிறது, நாளமும் ஓரிடத்தில் சுருங்கிவிட்டது. வயிற்றைத் திறந்து பித்தப்பையை எடுத்து, நாளத்தில் கெட்டுப்போன துண்டை வெட்டி, மிச்சத்தைக் குடலோடு இணைக்க வேண்டுமாம். பதினொன்றாம் தேதி. டாக்டர் படம் போட்டுக் காட்டினார். இணைப்பு எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் பயம் அதிகம். இணைப்பு கசிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

பயமாக இருக்கிறது. இந்த வார்த்தையை நான் உனக்கு எழுதியதே இல்லை, சொன்னதும் இல்லை. நான் பயப்பட்டால் நீயும் பயப்படுவாய் என்றுதான் எப்போதும் வாயை மூடிக்கொள்வேன். பாசம் என்று நினைத்துத்தான் செய்தேன். வேறு சாக்கு என்னிடம் இல்லை.

வா என்று எழுத உரிமை இல்லை. வந்தால் நல்லது.

உன் மேஸ்திரி

---

ஏப்ரல் 7

மேஸ்திரிக்கு,

பத்தாம் தேதி காலை வண்டிக்கு வருகிறேன். கடையில் பதினைந்து நாள் லீவு சொல்லியாகிவிட்டது. முதலாளி முகத்தைத் தூக்கிக்கொண்டார், தூக்கட்டும்.

ஒரே நிபந்தனை. இனி எதையும் மறைப்பது கிடையாது. இரண்டு பக்கமும். டாக்டர் சொல்வது எதுவானாலும், எவ்வளவு கெட்டதானாலும், அன்றைக்கே அடுத்தவர் காதுக்குப் போக வேண்டும். சம்மதமானால் நான் வரும்போது தலையை ஆட்டுங்கள், பேச வேண்டாம்.

வந்துகொண்டிருப்பவள்

---

ஏப்ரல் 12, பகல் மூன்று மணி

அன்புள்ள மேஸ்திரிக்கு,

உங்கள் கட்டிலுக்கு இரண்டடி தள்ளி, மருந்து வைக்கும் சின்ன அலமாரிமேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். நீங்கள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறீர்கள். விலாப்பக்கத்திலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து பைக்குள் போகிறது. காலையில் அரை மயக்கத்தில், "அந்த ஜாயின்ட் கசியுதான்னு பாரு" என்றீர்கள். நர்ஸ் சிரித்துவிட்டார். கசியவில்லை.

நேற்று ஐந்தரை மணி நேரம். ஆபரேஷன் அறை வாசலில் எத்தனை டைல்ஸ், அதில் எத்தனை விரிசல் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். எடுத்ததை ஒரு பாட்டிலில் காட்டினார்கள். கல் பதினொன்று. ஸ்டென்ட் இரண்டு துண்டு, சேறு பூசியதுபோலப் பழுப்பாக. நீங்கள் பிப்ரவரியில் கழுவிக் கையில் வாங்கிய நீலக் குழாய் அதுதான். எழுந்ததும் திட்ட வேண்டும் என்று நினைத்தேன். தெம்பு இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு மணிக்கு டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். "நாளம் சுருங்கின இடத்துல கெட்டியா இருந்துச்சும்மா. பழைய தொற்றால வந்த தழும்பா இருக்கலாம். கேன்சராவும் இருக்கலாம். வெட்டின துண்டை லேபுக்கு அனுப்பியிருக்கோம், பத்து நாளாகும். அதுவரைக்கும் அவர்கிட்ட சொல்லணுமா வேணாமான்னு நீங்களே பாத்துக்குங்க" என்றார்.

நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வார்டுக்குள் வந்தால் நீங்கள் இப்படித் தூங்குகிறீர்கள். எத்தனை மாதத்துக்குப் பிறகு வரும் தூக்கமோ. எழுந்து முகம் துடைக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். வலி ஊசி போடட்டும், அப்புறம். நாலு வாய் சாப்பிட ஆரம்பிக்கட்டும், அப்புறம். பத்து நாள்தானே, நல்லபடியாக வந்துவிட்டால் சொல்லவே வேண்டாமே. இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவள், திடீரென்று பயந்துபோய்க் காகிதத்தை எடுத்தேன்.

அன்று காலை போனை வைத்துவிட்டுப் பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்தீர்களே, அப்போது உங்கள் மனசுக்குள் ஓடியது இதுதானா? என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை என்றல்லவா நான்கு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா விஷயத்தை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அது பொய். இனி எதையும் மறைப்பதில்லை என்றதற்கு நீங்களும் தலையை ஆட்டியிருக்கிறீர்கள். அது இன்னும் வலிக்கிறது. ஆனால் அந்தக் காலை எட்டு மணிக்கு நீங்கள் எவ்வளவு தனியாக இருந்தீர்கள் என்று இன்றுதான் தெரிந்தது.

வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீங்கள் தையலைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதினேன். இதை நாலாக மடித்து உங்கள் கண்ணாடிக் கூட்டுக்குள் வைக்கிறேன். கண் விழித்ததும் உங்கள் கை முதலில் தேடுவது அதைத்தான், எனக்குத் தெரியும். கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன். போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். படித்து முடித்ததும் தலையை இடது பக்கம் திருப்புங்கள்.

அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் கண்ணாடிக்காரி